ஓட்டுபவர் மட்டும் பேசலாம்

இந்தக் கதையின் முக்கியமான இடத்தில் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஊட்டியில் என்ன நடந்தது என்பது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெஸிந்தா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தபோது அடித்த அலையின் உயரம், அவர் சொல்லச் சொல்ல வருடத்துக்கு இரண்டு அடி ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் அவர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். மற்றதெல்லாம் நானே நேரில் பட்டது. அதில் கழிக்க ஒன்றும் இல்லை.

நான் கருணாகரன். குந்தா போகிற ரோட்டில் ஒரு தேயிலை பாக்டரியில் கிளார்க். தேவாலாவில் கொழுந்து மூட்டை தூக்கிய மூக்கனின் மகன். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் முதலில் பி.காம். முடித்தவன் நான். முதலில் கார் வாங்கியவனும் நான்தான். பழைய வெள்ளை மாருதி.

முதல் பட்டதாரிக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவனுக்கு எதையும் படித்துவிட்டுத்தான் செய்ய வரும். வண்டி ஓட்டும் விதிகள் எனக்கு அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். லைசென்ஸ் டெஸ்டில் மூன்றாவது தடவைதான் பாஸானேன் என்பது வேறு விஷயம். விதிகள் எனக்குத் தெரியும் என்பது அந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை.

நான் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுவேன். கியரில் விடுவேன். இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பேன். மலையில் எல்லோரும் கல் வைப்பார்கள், அங்கே கிடக்கிற கல்லை. முன்பின் தெரியாத கல்லை நம்ப எனக்கு மனம் வராது. என் கல்லை டிக்கியில் கூடவே கொண்டுபோவேன். மூன்று முனை உள்ள நல்ல கல். ஓடையில் அரை நாள் தேடி எடுத்தது.

என் மனைவி அம்சவேணி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். காரமடைப் பக்கத்துப் பெண். மே மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் புதிதாக ஒரு டிஸ்பென்சரி திறக்கிறார்கள். அதன் பொறுப்பை அவளுக்குத் தருகிறார்கள். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், பதினோரு வளைவு, நாளுக்கு இரண்டே பஸ். ஆகவே வண்டி ஓட்டத் தெரிந்து லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஜூலை பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேலை அவளுக்கு ஏன் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் மேல் டிவிஷன் அங்கம்மாவுக்கு வலி எடுத்து, கொழுந்து டிராக்டரில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். ஏழாவது வளைவிலேயே பிரசவம் ஆகிவிட்டது. தகவல் வந்ததும் இங்கிருந்து விரைந்து போய்க் கொழுந்துச் சாக்குகளின் மேலேயே குழந்தையை வாங்கியவள் அம்சவேணி. தாயும் பிள்ளையும் நலம். அம்சவேணிக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, நானும் ஓட்டப் பழகட்டுங்களா?" என்று கேட்டாள்.

"இந்த ரோட்டிலா? நீயா? எனக்கே..."

"உங்களுக்கே?"

"எனக்கே இத்தனை நாள் ஆனது என்று சொல்ல வந்தேன். முதலில் காரில் பேசாமல் உட்காரப் பழகு. அப்புறம் பார்க்கலாம்."

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம் அந்த டிராக்டர் சம்பவம் நடந்தது. சாயங்காலம், நல்ல மூடுபனி. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். வளைவில் எதிரே சிவப்பாக ஒரு டிராக்டர். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது மலை ரோட்டுச் சட்டம். ஆனால் சட்டம் டிராக்டருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் லைட்டை இரண்டு தடவை போட்டுக் காட்டிவிட்டு, முப்பது அடி பின்னால் எடுத்து, ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டுக் காத்திருந்தேன்.

"ஏனுங்க, டிராக்டர்ல ஆளே இல்லீங்க."

"பனியில் உனக்குத் தெரியவில்லை."

"சீட்டு தெரியுதுங்க. சீட்டு மேல காக்கா தெரியுது."

"அவசரப்பட்டுத்தான் மலையில் பாதி விபத்து நடக்கிறது அம்சா."

ஏழு நிமிடம் ஆனது. பின்பக்கத்திலிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். டிராக்டர் ஓட்டுகிற சுடலைமுத்து. கையில் டீ கிளாஸ்.

"சார், யாருக்கு வெயிட் பண்றீங்க?"

"டிராக்டருக்கு."

"அது எனக்குல்லா சார் வெயிட் பண்ணுது."

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகிற வழியில், நிறுத்தி வைத்த தள்ளுவண்டிக்கு முன்னால் ஒருவன் மரியாதையாக ஒதுங்கி நின்று எனக்குக் காட்டினான்.

இந்த நிலையில் ஜூன் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிப் பழகக் கிளம்பினோம். அம்சவேணி எப்போதும் ஒரு தடவைக்குப் பத்து வார்த்தை சொல்வாள். அன்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"ஏனுங்க, ஆடு."

"பார்த்தேன்."

"ஆட்டச் சொல்லலீங்க. ஆட்டுக்குப் பின்னால ஒரு அம்மா."

"பார்த்தேன்."

"அந்தம்மா இல்லீங்க, இது வேற அம்மா. ஏனுங்க, சைக்கிளு. ஏனுங்க, பவர் ஹவுஸ் ஜீப்பு."

"எங்கே?"

"அது போயிருச்சுங்க."

வண்டியை ஓரங்கட்டினேன். கல் வைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து, என் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை அறிவித்தேன். இன்று முதல் இந்தக் காரில் ஓட்டுகிறவர் மட்டும்தான் பேசலாம். முப்பது நாள். மீறினால் பின்சீட்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு, "முப்பது நாளுங்களா? சரிங்க. ஆனா எழுதிப் போடுங்க. வாயில சொன்னா எனக்கு நெனப்பிருக்காதுங்க" என்றாள்.

எழுதச் சொன்னால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அன்று ராத்திரியே வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன்.

ஒன்று: வண்டி ஓடும்போது ஓட்டுபவர் மட்டும் பேசலாம். இரண்டு: பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எக்காரணம் கொண்டும் வாய் திறக்கக் கூடாது.

பெயர் போடவில்லை. சட்டம் என்றால் பொதுவாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அவள்தான் பசை தடவினாள், நாலு மூலையிலும் நன்றாக.

மறுநாள் மாலை அவள் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஒரு கை நிறையக் காய்ந்த மொச்சை வைத்திருந்தாள். முதல் வளைவு தாண்டியதும் சத்தம் கேட்டது. டிக்.

"என்ன அது?"

அவள் பேப்பரைக் காட்டினாள்.

டிக். டிக்.

தாங்க முடியாமல் வண்டியை நிறுத்தினேன். "இப்போது வண்டி ஓடவில்லை. சொல்."

"நீங்க பாக்காம வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மொச்சைங்க."

"பேப்பரில் என்ன போட்டிருக்கிறது?"

"பேசக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. மொச்சையப் பத்தி ஒண்ணும் போடலீங்க."

படித்துப் பார்த்தேன். போடவில்லை.

அன்று இருபத்து மூன்று. வீட்டுக்கு வந்து எண்ணி ஊறப் போட்டாள். மறுநாள் கத்தரிக்காய் போட்டு மொச்சைக் குழம்பு. நான் பார்க்காத இருபத்து மூன்று பேரையும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்.

"முப்பதாவது நாள் டப்பா காலியா இருந்தா நீங்க ஜெயிச்சீங்க. இந்தப் பேப்பரு எப்பவும் கார்லயே இருக்கட்டும்" என்றாள்.

இதைவிட நல்ல ஒப்பந்தம் ஒரு கணவனுக்குக் கிடைக்காது. ஆனால் நான் ஒருவரைப் பார்த்தேனா இல்லையா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே வழிதான். பார்த்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். ஓட்டுபவர் பேசலாமே.

"கண்ணாடி பார்த்தேன். பின்னால் மில்க் வேன். வளைவு வருகிறது, ஹாரன். இரண்டாவது கியர். இடது ஓரம் மூன்று பெண்கள், தலையில் கொழுந்து மூட்டை."

டிக்.

"மூன்று பேர்தானே?"

அவள் பேசாமல் நாலு விரலைக் காட்டினாள். நாலாவது பெண் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தில் எனக்கு ரோடு தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலரைக்கு எடை போடும் நேரம். மூட்டை சுமக்கிற பெண்களால் கழுத்தைத் திருப்ப முடியாது. ஹாரன் அடித்தால் கழுத்துக்குப் பதில் உடம்போடு திரும்புவார்கள், மூட்டை ரோட்டுப் பக்கம் வரும். அங்கே ஹாரனை விட்டுவிட்டு மெதுவாகப் போக வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று வருடமாக அவர்களுடைய எடையை ஆபீஸ் பேரேட்டில் நான்தான் எழுதுகிறேன். அவர்கள் நடந்து வருவதை இப்போதுதான் பார்த்தேன்.

குழம்பில் மொச்சை குறைந்தது. கத்தரிக்காய் கூடியது.

வீட்டிலும் காற்று என் பக்கம் வீசியது. வண்டி நின்றதும் அம்சவேணி கேட்பாள்.

"ஏனுங்க, ஏத்தத்துல நிறுத்தி எடுத்தீங்களே, வண்டி பின்னால போகவே இல்ல. எப்படிங்க?"

நான் விளக்குவேன். கிளட்ச்சைப் பாதி விட வேண்டும், வண்டி லேசாக நடுங்கும், அப்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. சில சமயம், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்பாள். இரண்டு தடவை சொல்வேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு நடந்து வருவது வழக்கம். "மழைல எதுக்குங்க அலையறீங்க" என்று தினமும் ஆபீசுக்கே கேரியர் அனுப்பினாள். சூடான சோறு. அப்பளம் தனியாக. அன்பு என்று நினைத்தேன். அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் மற்றவர்களுக்கு மனைவி சரியில்லையோ என்றுகூட வருத்தப்பட்டேன்.

சின்னச் சின்ன மாற்றங்கள் சிலவற்றையும் கவனித்தேன். மாலையில் காரில் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் நாலு விரற்கடை முன்னால் வந்திருந்தது. சரிவில் நிறுத்துவதால் தானாக நகர்கிறது என்று முடிவு செய்து பின்னால் தள்ளிக்கொண்டேன். கண்ணாடி தினமும் கீழே சாய்ந்திருந்தது. மலைக் குளிரில் திருகு சுருங்கும் என்று எடுத்துக்கொண்டேன். பி.காமில் எங்களுக்கு இயற்பியல் இல்லை.

ஜூலை எட்டாம் தேதி, முப்பதாவது நாள். ஜங்ஷன் போய்த் திரும்பினேன். "வேலிக்குள் நாய், வெளியே வரலாம். பஸ் நிற்கிறது, முன்பக்கம் யாராவது குறுக்கே வரலாம், வந்தார், இரண்டு பேர். பனி, லைட் போட்டேன். எதிரே வண்டி இறங்குகிறது, நான் ஏறுகிறேன், எனக்குத்தான் வழி, போகிறேன்." போயே விட்டேன். ஒரு டிக் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, கல் வைத்து, டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி.

"தோத்துட்டனுங்க" என்றாள் அம்சவேணி. முகத்தில் தோற்ற களை கொஞ்சமும் இல்லை. பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். பேப்பரில் மூன்றாவது விதி எழுதினேன். மூன்று: இவ்விதிகள் நிரந்தரம்.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு ஜெஸிந்தா அக்காவோடு ஊட்டிக்குக் கம்பளி வாங்கப் போனாள். அன்று மாலை வந்து பார்த்தபோது வண்டிக்கு முட்டாக வேறு கல் இருந்தது. உருண்டையாக, யாரென்றே தெரியாத கல். என் கல்லைக் காணவில்லை. லைன் வீடு லைன் வீடாகப் போய் விசாரித்தேன். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் அன்று இருமல்.

சனிக்கிழமை, ஜூலை பதினைந்து. காலையில் அம்சவேணி வெள்ளைப் புடவை கட்டி, கையில் அந்தக் கடிதத்தோடு வந்தாள். நேராகப் போய் என் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைக் கீழே சாய்த்தாள். திருகு சுருங்கவே இல்லை.

"அம்சா, அது என் இடம்."

"ஏறுங்க. மேல் டிவிஷன்ல போய்ப் பதில் சொல்லோணும், நேரமாச்சு."

டேஷ் போர்டில் புத்தம் புதிய லைசென்ஸ் இருந்தது. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எடுத்தபோது சிரிக்கக் கூடாது என்றார்கள். நான் ஏறுவதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அரைக் கிளட்ச், லேசான நடுக்கம், ஹேண்ட் பிரேக். ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை.

"இது எப்போது? யார் சொல்லிக்..."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலால் பேப்பரைத் தட்டினாள். "வண்டி ஓடுதுங்க. ஓட்டறவங்க மட்டுந்தான் பேசலாம்."

என் கையெழுத்து. என் விதி. நாலு மூலையிலும் பசை.

மொச்சை டப்பா என் மடியில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. கை நிறைய மொச்சை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றாவது தவறட்டும். ஒரு மொச்சை போட்டால் போதும், மானம் திரும்பிவிடும்.

"கண்ணாடி பாத்தாச்சு. வளைவு, ஆரன். ரெண்டாவது கியர். எடது ஓரம் நாலு பேரு. அஞ்சாவது சரிவுல."

ஐந்தாவது பெண்ணை நான் பார்க்கவில்லை.

ஆறாவது வளைவில் தேயிலைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு காட்டெருமை தலையை நீட்டியது. வாய் திறக்கக் கூடாது. பதற்றத்தில் கையிலிருந்த மொச்சை மொத்தத்தையும் டப்பாவில் கொட்டிவிட்டேன்.

"அதய அப்பவே பாத்துட்டனுங்க" என்றாள். வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. எருமை ரோட்டைக் கடந்து போனது. நான் கையைக் காட்டினேன், போகலாம் என்று. அவள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கன்று.

"தனியா வருமுங்களா அது?" என்றாள்.

ஏழாவது வளைவில் அங்கம்மா இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். காரைப் பார்த்தாள். ஓட்டுவது யார் என்று பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து எங்களுக்கு டாட்டா காட்டினாள். அம்சவேணி கை அசைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. "பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் ஏதோ சொல்லத் தோன்றியது. விதி இடம் கொடுக்கவில்லை.

அன்று மாலை ஜெஸிந்தா அக்கா வந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"மத்தியானம் ஒரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் கிரவுண்டுல பழகினா தம்பி. உங்களுக்குச் சாப்பாடு போனதுக்கப்புறம். சுடலைமுத்து பக்கத்துல உக்காந்துக்கிடுவான். எல் போர்டு ஒட்டுறதும் பிய்க்கிறதும் நான்தான். ஆனா அவன் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவ வாயிலயே சொல்லிக்கிட்டு ஓட்டுவா. கண்ணாடி, கியர், ஆரன்னு எல்லாம் நீங்க சொல்றமாதிரியே, அந்தக் குரல்லயே."

"டெஸ்டில்?"

"டெஸ்ட்லயும் அப்பிடித்தான். இன்ஸ்பெக்டர் ஏம்மா பேசிக்கிட்டே ஓட்டுறன்னு கேட்டாரு. எங்கூட்டுக்காரர் இப்படித்தான் ஓட்டுவாருங்கன்னா. உன் வீட்டுக்காரர்கிட்டதான் நான் படிக்கணும்னுட்டு, முதல் தடவையே பாஸ் போட்டுட்டாரு. சரியான கெட்டிக்காரி தம்பி அவ. டெஸ்டுக்குக் கொண்டுபோன உங்க கார்ல இருந்த கல்லுதான் பாவம், ஊட்டியில விட்டுட்டு வந்துட்டோம்."

இன்ஸ்பெக்டர் சொன்னதாக அக்கா சொன்னதில் பாதியைக் கழித்தேன். மீதியே எனக்குப் போதுமாக இருந்தது.

போகும்போது அக்கா வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "பழகுறதுக்கான எல்.எல்.ஆர். எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் தம்பி அவ உங்ககிட்ட சண்டைக்கே வந்தா. முப்பது நாள் கழிச்சாத்தானே டெஸ்டுக்குப் போக முடியும்."

இதை நான் நம்பவில்லை. அந்தச் சண்டையை ஆரம்பித்தது நான். முப்பது நாள் என்பது என் யோசனை. தீர்மானம் என்னுடையது.

மேல் டிவிஷன் டிஸ்பென்சரி ஆகஸ்ட் முதல் தேதி திறந்தது. அம்சவேணி தினமும் ஓட்டிக்கொண்டு போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வண்டி கிடைக்கிறது. ஒரு நாள் அவள் டூட்டிக்குப் போயிருந்தபோது, சரிபார்க்காமல் விடுவது எனக்கு வராது என்பதால், பெட்டியில் இருந்த அவளுடைய பைலைத் திறந்து பார்த்தேன். என் பேப்பரில் கையெழுத்துக்குக் கீழே ஜூன் ஒன்பது.

அவளுடைய எல்.எல்.ஆரில் ஜூன் ஏழு.